கோப்பின் அடையாளமும் அதன் எல்லையும்

கணிப்பொறி ஒன்றைப் புலனாய்வாளர் ஆராயப் புகுங்கால் அவர்முன் நிற்பவை இலட்சக்கணக்கான கோப்புகள். அவற்றுட் பெரும்பாலானவை மென்பொருள்களை நிறுவியபோது வந்து சேர்ந்தவை. பிற கணிப்பொறிகளிலும் அவ்வாறே இருப்பவை. அவற்றை விலக்கினாலன்றி, உரியவர் தாமே உருவாக்கிய கோப்புகளைக் காண்டல் அரிது. விலக்குவது எங்ஙனம்? பெயரை நம்பலாகாது; எக்கோப்புக்கும் எப்பெயரும் சூட்டலாம். உள்ளடக்கமே சான்றாதல் வேண்டும். அச்சான்றைத் தருவது ‘ஹாஷ்’ எனப்படும் சுருக்க எண்.

கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதன் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் குறித்த நீளமுள்ள ஓர் எண் கணிக்கப்படுகிறது. எம்.டி.5 முறையில் அது 128 பிட், எஸ்.எச்.ஏ.-1இல் 160 பிட், எஸ்.எச்.ஏ.-256இல் 256 பிட். ஓரெழுத்து மாறினும் எண் முற்றிலும் வேறாகிவிடும். சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் பாடவேறுபாடு சிறிதா பெரிதா என எடைபோடுவார். ஹாஷோ ‘அதுவே’, ‘அதுவன்று’ என்னும் இரண்டே விடைகளை உடையது.

அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகம், மென்பொருள்களைத் திரட்டி, அவற்றிலுள்ள கோப்புகளின் ஹாஷ் எண்களைப் பட்டியலாக வெளியிட்டு வருகிறது. அப்பட்டியலோடு ஒத்தவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைப் புலனாய்வாளர் ஆராய்கின்றார்.

ஈண்டு நாம் கருத வேண்டுவன இரண்டு. முதலாவது, பட்டியலில் உள்ளது ‘அறிந்த’ கோப்பு என்பதேயன்றி ‘நல்ல’ கோப்பு என்பதன்று. செய்தியை மறைத்து வைக்கும் கருவிகளும் ஊடுருவலுக்குரிய நிரல்களும் அந்நூலகப் பட்டியலில் உள. அவ்வாறே பட்டியலில் இல்லாமையும் குற்றத்திற்குச் சான்றாகாது. மாணவர் ஒருவர் தட்டச்சு செய்து வைத்த கட்டுரை எப்பட்டியலில் இடம்பெறும்?

இரண்டாவது, முறைகளும் மூப்படைகின்றன. வேறுபட்ட இரு உள்ளடக்கங்கள் ஒரே எம்.டி.5 எண்ணைப் பெறுமாறு அமைக்கலாம் என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2004இல் காட்டினர். எஸ்.எச்.ஏ.-1க்கும் அந்நிலை 2017இல் நேர்ந்தது. ஆயினும் இவை ஒருவரே திட்டமிட்டு இணையாகப் படைத்த கோப்புகள். ஏற்கெனவே உள்ள பிறர் கோப்பொன்றின் எண்ணுக்கு ஒத்த வேறொரு கோப்பை நடைமுறையில் எவரும் படைத்துக் காட்டியதில்லை. எனினும், தீங்கற்றதும் தீங்குடையதுமாக இரட்டைக் கோப்புகளைப் படைத்து, தீங்கற்றதை மட்டும் பட்டியலில் ஏறச் செய்வார் உளராகலாம். ஆதலின் எஸ்.எச்.ஏ.-256 போன்ற வலிய முறைகளையே நாடுதல் நன்று.

ஹாஷ் ஒரு கோப்பு இன்னது என்று அடையாளம் காட்டும். அதன் நன்மை தீமையை உரைக்காது. அடையாளத்தையே தீர்ப்பாகக் கொள்ளின், குற்றமற்றவர் ஐயத்திற்கு ஆளாதலும் குற்றமுடையவர் தப்புதலும் நேரும். தீர்ப்பு மனித அறிவின் பொறுப்பே என்பதை நாம் மறத்தலாகாது.