ஏழு ஷில்லிங் மதியச் சாப்பாடு

“வெளிநாட்டுக்காரங்கன்னா பணம் காய்க்கிற மரம்”

செங்கம் சாலை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சன்னதித் தெரு பூக்கடை வரை திருவண்ணாமலையில் உலவும் நம்பிக்கை இது. தீபத்துக்குச் சற்று முன்னே தொடங்கி பிப்ரவரி வரை ரமணாசிரமம் பக்கம் வந்து தங்குகிறவர்களைக் கொஞ்ச நாள் கவனித்தால் கதை வேறாக இருக்கும். மூன்று நான்கு மாதம் இருக்க வருகிறவர் லாட்ஜில் நாள் வாடகை கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். ரமண நகரிலோ அத்தியந்தல் பக்கமோ மாத வாடகைக்கு ஒரு மாடிப் போர்ஷன் பிடிப்பார். ஒரு சைக்கிளை மாதக் கணக்கில் எடுத்துக்கொள்வார். காய்கறிக்கு உழவர் சந்தை. ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால், பரவாயில்லை என்று நடந்தே போய்விடுவார். அதே ஆள் வீணை வகுப்புக்கோ, மனதுக்குப் பிடித்த ஒரு கற்சிலைக்கோ பேரமே பேசாமல் பணத்தை எடுத்து வைப்பார்.

நம்மவர்கள் இதைப் பார்த்துவிட்டு ‘கஞ்சன்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘ஏமாளி’ என்பார்கள். இரண்டும் இல்லை. எங்கே இறுக்குவது, எங்கே அவிழ்ப்பது என்பதை விமானம் ஏறுமுன்பே முடிவு செய்துவிட்டு வந்த ஆள் அவர்.

இப்போது ஓட்டம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும், மகள் இருக்கும் லண்டனுக்கோ மகன் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ ஒரு மாதம், அப்படியே ஐரோப்பா ஒரு சுற்று என்று நம்மூரிலிருந்தும் கிளம்புகிறார்கள். கிளம்பும்போது பெட்டியோடு சில நம்பிக்கைகளும் போகின்றன. அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

“எதையும் ரூபாயில பெருக்கிப் பாரு, செலவு தானா குறையும்”

குறையும். எது குறைகிறது என்பதில்தான் சிக்கல். பெருக்கல் கணக்குக்குச் சின்னது பெரியது தெரியாது. ஜூரிக் ஸ்டேஷன் காபி ஐந்நூறு ரூபாயா என்று பதறிய மனசு, யுங்ஃப்ராவ் மலை டிக்கெட்டைப் பார்த்ததும் கதவையே சாத்திக்கொள்ளும். மலையைக் குடைந்து போட்டு 1912-இல் திறந்த ரயில் அது. போய் இறங்கும் இடம் 3,454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம். கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல். நம் பணத்தில் இருபதாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும்.

அதனால் என்ன நடக்கிறது? விமானம், விசா, ஓட்டல் என்று தலைக்கு லட்சங்களைக் கொட்டி இன்டர்லாக்கன் வரை போன குடும்பம், அடிவாரத்தில் நின்று மலையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. ஷெங்கன் விசாக் கட்டணம் மட்டும் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. டிக்கெட் விலையை ஊரில் வாங்கும் அரிசி மூட்டையோடு ஒப்பிடுவதை விட்டு, இதற்காகவே இன்னொரு முறை வந்தால் எவ்வளவு ஆகும் என்பதோடு ஒப்பிட்டால் கணக்கு நேராகும்.

ஆனால் இந்த நியாயத்துக்கும் கடிவாளம் வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு படகு, கேபிள் கார், சாக்லேட் தொழிற்சாலை, மெழுகுச் சிலை என்று எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாதப் பயணத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பெரிய செலவு. அவற்றின் பெயரை நோட்டில் முதல் வரியாக எழுதி, தொகையைக் கழித்துவிட்டு, மீதியை நாட்களால் வகுக்க வேண்டும். நம் வீடுகளில் முதலில் நாட்களால் வகுப்போம். பிறகு ஆசையை அதற்குள் திணிக்கப் பார்ப்போம். அது நுழையாது.

“சிக்கனக்காரர்கள் ஆடம்பரம் செய்ய மாட்டார்கள்”

இதற்கு எதிர்ச் சாட்சி மோகன்தாஸ் காந்தி. லண்டனில் சட்டம் படிக்கப் போன புதிதில் பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு மாலை நேர சூட் தைத்துக்கொண்டார். 19 ஷில்லிங்குக்குத் தொப்பி. நடன வகுப்புக்கு 3 பவுன், வயலினுக்கு இன்னொரு 3 பவுன். ஊரார் கண்ணுக்கு வெள்ளைக்கார ஜென்டில்மேனாகத் தெரிவதற்கான செலவு எல்லாம். சில மாதங்களில் இது சரிவராது என்று தெரிந்து உதறினார். பிறகு சின்ன அறைக்கு மாறி, பஸ்ஸுக்குக் கொடுப்பதை விட்டு நடந்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தானே காய்ச்சிக் குடித்து, ஒரு நாளை 1 ஷில்லிங் 3 பென்ஸில் ஓட்டும் அளவுக்கு இறங்கினார். கணக்கு நோட்டில் காசு தவறாது.

அந்த லண்டன் நாட்களில்தான் பாரிஸ் உலகக் கண்காட்சியைப் பார்க்கப் போகிறார். சைவ உணவகம் ஒன்றில் அறை, ஏழு நாள் தங்கல், கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடை. ஆனால் 1889-இல் புதிதாக எழும்பியிருந்த ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் ஒரு உணவகம் இருந்தது. அத்தனை உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே அங்கே 7 ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டார். 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். வகுத்துப் பாருங்கள்: அவருடைய சிக்கன வாழ்க்கையில் ஐந்தரை நாள் செலவு ஒரு மதியத்தில் போயிருக்கிறது.

சுயசரிதையில் அதை வீண் செலவு என்ற தொனியில்தான் எழுதுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து எழுதும்போது தொகை முதற்கொண்டு நினைவில் நிற்கிற சாப்பாடு வீண் செலவாக இருக்க முடியாது. அதோடு, ஏழு நாளும் நடந்து மிச்சம் பிடித்த காசு அது. பாண்ட் தெரு சூட்டுக்கு அந்தத் தகுதி கிடையாது. ஊரில் போய்ச் சொல்லிக்கொள்வதற்காகச் செலவழிப்பது கேவலம் என்று நினைக்கிறவர்களும் இந்த இடத்தைப் படிக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக மேலே ஏறினாலும் ஏறியது ஏறியதுதானே. (2024 பிப்ரவரியில் அந்தக் கோபுரத்துக்கு யுபிஐயிலேயே டிக்கெட் எடுக்க வழி வந்துவிட்டது. ஷில்லிங்கை மாற்ற வேண்டிய வேலையும் இல்லை.)

“ஒரே டிரிப்ல அத்தனை நாட்டையும் முடிச்சிடணும்”

மாடிப் போர்ஷன் பிடித்துத் தங்குகிறவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். நீண்ட பயணத்தில் பணத்தைத் தின்பது இடமாற்றம். ஊர் மாறும் ஒவ்வொரு தடவையும் ரயில், பெட்டிக்குத் தனிக் கட்டணம், ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி, புது அறையின் முதல் நாள் வாடகை, அரை நாள் அலைச்சல். இருபது நாளில் ஒன்பது நாடு பார்த்தவரிடம் கேளுங்கள், பாதிக்கு மேல் பஸ் ஜன்னலைத்தான் சொல்வார். நான்கு ஊரைக் குறைத்தால் அந்தப் பணத்தில் ஒரு பெரிய ஆசை நிறைவேறும். ஒரே ஊரில் ஒரு வாரம் என்றால், சமையலறை உள்ள வீடு கிடைக்கும், வாரப் பாஸ் கிடைக்கும்.

இன்னொன்று, தங்கிப் பார்க்கும் ஊரில் நல்லது எல்லாம் காசுக்கு இல்லை என்பது தெரியவரும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அமராவதிச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. நேஷனல் கேலரியும் அப்படியே. எதிர்ப்பக்கம் பாரிஸ் லூவ்ர்: 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. இதைக் கேட்டுக் கொதிக்கும் முன், தாஜ்மகாலில் நம்மிடம் 50 ரூபாயும் வெளிநாட்டவரிடம் 1,100 ரூபாயும் வாங்குவதை நினைத்துக்கொள்வது நல்லது.

“பேக்கேஜ்ல எல்லாம் அடங்கிடும்”

அடங்காது. டிப்ஸ், ‘விருப்பச் சுற்றுலா’, மதியச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் வெளியேதான். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. ஆனால் அது போன பணமில்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வாங்காமல் விட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

“ரூபாயில போடச் சொல்லுங்க, கணக்குத் தெளிவா இருக்கும்”

கடையில் கார்டைத் தேய்த்ததும் மெஷின் கேட்கும்: யூரோவா, ரூபாயா? சொந்தப் பணத்தின் பெயரைப் பார்த்ததும் ஒரு பாசம். ரூபாயை அமுக்கிவிடுவோம். அந்த நொடியில் மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை கடைக்காரர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அதன் விகிதம் அநேகமாக நமக்கு நஷ்டம்தான். சில வங்கிகள் ரூபாயில் போட்ட வெளிநாட்டுச் செலவுக்கும் தனிக் கட்டணம் வைக்கின்றன. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள்.

கார்டையும் பார்த்து எடுக்க வேண்டும். பல கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13. நாலு லட்சம் ரூபாய் செலவழித்தால் 16,520 ரூபாய். அந்த யுங்ஃப்ராவ் டிக்கெட்டில் பாதிக்கு மேல், எதையுமே பார்க்காமல் போயிருக்கும். கட்டணம் குறைந்த கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு எல்லாம் கிடைக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரிக்க வேண்டும், மீனம்பாக்கத்தில் நின்றுகொண்டு அல்ல.

“சாப்பாட்டுல மிச்சம் பிடிச்சிடலாம்”

இது ஓரளவு நிஜம். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று போகிறவர்களைக் கேலி செய்கிறவர்கள் மூன்றாம் நாள் அவர்கள் அறைக்கதவைத்தான் தட்டுவார்கள். ஆனால் ஓட்டல் அறையில் தாளிக்கப் போனால் புகை அலாரம் அலறும், அபராதமும் வரும். சமையலறை உள்ள இடமாகப் பிடியுங்கள். நெய் டப்பாவை ஊரிலேயே வைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால் பொருள், இறைச்சி கொண்டுபோகத் தடை இருக்கிறது, பால்கோவாவுக்கும் சேர்த்துத்தான்.

சாப்பாட்டில் பிடிக்கும் கையை விமானத்திலும் காப்பீட்டிலும் நீட்டக் கூடாது. இங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்கே காரில் நாலு மணி நேரம். அதன்பின் இரண்டு இடத்தில் இறங்கி ஏறும் மலிவு டிக்கெட்டில் அறுபத்தைந்து வயது முழங்காலை ஏற்றினால், முதல் மூன்று நாள் படுக்கையில் போகும். அந்த மூன்று நாள் அறை வாடகையையும் டிக்கெட் விலையில் கூட்டிப் பாருங்கள். சென்னையிலிருந்து லண்டனுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நேர் விமானம் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது ஆடம்பரமே இல்லை. காப்பீட்டிலும் அப்படித்தான். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ பாதுகாப்பு குறைந்தபட்சத் தேவை. அது போதும் என்று அர்த்தமில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பழைய நோய்க்கு என்ன விதி என்பதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, நீங்க பார்த்தா போதும்”

எல்லா வீட்டிலும் அம்மா சொல்வது. எல்லோரும் உடனே நம்பிவிடுவது. பட்ஜெட் நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவது அப்பா, ஆப்பில் பதிவு செய்வது மகன். கால்பந்து மைதானச் சுற்றுலா பட்டியலில் ஏறும், கார் அருங்காட்சியகம் ஏறும். அம்மாவின் பெயரில் ஒரு வரி இருக்காது. துலிப் தோட்டம் பார்க்க வேண்டும் என்று பல வருடம் முன்னே ஒரு சினிமாப் பாட்டைப் பார்த்துவிட்டு எப்போதோ சொல்லியிருப்பார், யார் காதிலும் விழுந்திருக்காது. ஆம்ஸ்டர்டாம் பக்கத்து கியூகன்ஹோஃப் தோட்டம் மார்ச் பிற்பகுதி முதல் மே நடு வரை மட்டுமே திறந்திருக்கும். ஜூனில் போய்க் கேட்டால் பூ கிடைக்காது. ஆகவே தேதி போடும் முன்பே கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஆசை என்று வைத்து, வேண்டாம் என்கிறவரிடம் இரண்டு தடவை கேளுங்கள்.

“மிச்சம் இருந்தா கடைசியில பார்த்துக்கலாம்”

மிச்சம் இருக்காது. இருந்தாலும் டிக்கெட் இருக்காது. மிலான் நகரில் லியோனார்டோவின் ‘கடைசி விருந்து’ ஓவியத்தைக் குறைந்த பேரை, கால் மணி நேரம் மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்று பயனில்லை. மலைகளுக்கு இது நேர் எதிர். தேதியை முன்பே கட்டிப்போடாமல், காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்தி. கார்த்திகை மாலையில் மேகம் மூடிய மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியும் கையில் யூரோ மிஞ்சினால், விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடையில் சாக்லேட்டாக்கித் தீர்த்துவிடாதீர்கள். அதை ஆசையோடு வாங்கித் தின்பது பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மட்டும்தான், அவர்களுக்கு வேண்டியதை முதல் வாரமே சூப்பர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கியிருக்கலாம். ஊர் திரும்பியவர் 2,000 டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டைக் கையில் வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசுக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் அதை இங்கே எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டார், கிளம்பும் நாள் காபியிலேயே தீர்த்துவிட்டு வாருங்கள்.