மறைத்தவனுக்குக் கைதட்டினோமே!

(வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: யோசுவா 20:1-9, நீதிமொழிகள் 28:13)



"நாங்க தியேட்டர் பக்கமே போறதில்லை பாஸ்டர்" என்று நம்மில் பலர் சாட்சி சொல்லுகிறோம். சந்தோஷம். ஆனால் தியேட்டர் டி.வி. வழியாக வீட்டுக்குள் வந்து, இப்போது செல்போன் வழியாகக் கைக்குள்ளும் வந்துவிட்டதே! ஆகவே பார்த்தோமா இல்லையா என்பதோடு நிற்காமல், எதற்குக் கைதட்டினோம் என்றும் நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தின் கதை பலருக்கும் தெரியும். 2013-ல் வந்த 'த்ரிஷ்யம்' என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம் அது. சுயம்புலிங்கம் கேபிள் டி.வி. நடத்துகிறவர். அவருடைய மூத்த மகளை ஒரு பையன் திருட்டுத்தனமாகச் செல்போனில் படம்பிடித்து மிரட்டுகிறான். போராட்டத்தில் அவள் அடித்த அடியில் அவன் செத்துப்போகிறான். அவனோ போலீஸ் ஐ.ஜி.யின் மகன்! தகப்பன் சடலத்தை மறைக்கிறார். மனைவிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரே பொய்யைப் பாடம்போலச் சொல்லிக் கொடுக்கிறார். பார்த்தவர்களெல்லாம், "ஐயோ, மாட்டிக்கக் கூடாதே" என்று தவித்தார்கள்.

ஒரு சகோதரி என்னிடம், "பாஸ்டர், என் பொண்ணுக்கு இப்படி நடந்தா நானும் அதைத்தானே செய்வேன், அது பாவமா?" என்று கேட்டார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நானும் ஒரு தகப்பன். பிறகு வேதத்தோடு உட்கார்ந்தபோது மூன்று காரியங்கள் தெளிவாயின.

1. அந்தப் பெண் குற்றவாளி அல்ல

ஒரு பெண்ணை இப்படி மறைவாகப் படம்பிடிப்பது குற்றம் என்று 2013-ல் நம் நாட்டுச் சட்டத்திலேயே தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் சபையிலே நாம் என்ன கேட்கிறோம்? "நீ ஏம்மா அங்கே போனே?" என்கிறோம். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளுகிறார்கள்.

2. தேவன் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்

முன்பகையில்லாமல், கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் ஓடிப்போய்த் தப்பும்படி, இஸ்ரவேலிலே ஆறு அடைக்கலப்பட்டணங்கள் இருந்தன. கேதேஸ், சீகேம், எப்ரோன், பேசேர், ராமோத், கோலான் என்பவைகளே அவை. ஆனால் கவனியுங்கள்: அங்கே போகிறவன் பட்டணத்து வாசலில் நின்று, நடந்ததை மூப்பர்கள் கேட்கச் சொல்ல வேண்டும் (யோசுவா 20:4). பிறகு சபை நியாயம் விசாரிக்கும். ஒளித்தவனுக்கு அல்ல, உள்ளதைச் சொன்னவனுக்கே அடைக்கலம்! தாவீது மறைக்கப் பார்த்தான். ஒன்றை மறைக்கப்போய் உரியாவின் உயிரே போயிற்று (2 சாமுவேல் 11).

3. பொய்யின் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்

கதையில் தகப்பன் ஜெயிக்கிறார். ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த பொய்க்காக, அந்தச் சின்னப்பிள்ளை போலீஸ் அடியை வாங்குகிறாள். இன்னொரு பக்கம், 'என் மகன் எங்கே?' என்று தவிக்கிற ஒரு தாய் இருக்கிறாள். ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிட்டதே (ஆதியாகமம் 4:10). கடைசியில் அந்தப் பெற்றோரிடம் சுயம்புலிங்கமே மன்னிப்புக் கேட்டு, நடந்ததை மறைமுகமாய்ச் சொல்லிவிடுகிறார். மனசாட்சி சும்மா விடவில்லை!

"பாஸ்டர், பெரிய இடத்துக்கு எதிரா ஏழைக்கு நியாயம் கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். அந்தப் பயம் பொய்யல்ல. அதனால்தான் தனியாய் விடப்பட்ட தகப்பன் மண்வெட்டியை எடுத்தான். உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டு, நாம் வீட்டில் உட்கார்ந்து ஜெபம் மட்டும் செய்தால் போதாது. வக்கீலிடமும், போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூடவே போகிற சபை வேண்டும். அந்தச் சகோதரிக்கும் இதைத்தான் சொன்னேன்: "மறைக்காதீங்கம்மா. சொல்லுங்க, நாங்க கூட வர்றோம்."

பெற்றோரே, இன்று இரவே மகளிடம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்." மகனிடமும் பேசுங்கள். அவன் கையிலும் செல்போன் இருக்கிறதே!

நமக்கு அடைக்கலமானவர் இயேசு (எபிரெயர் 6:18). அவரிடம் ஓடிவந்தவர்களாகிய நாம், பிறர் ஓடிவரத்தக்க இடமாய் இருக்கிறோமா?

சிந்திக்க: என் வீட்டில் யாராவது எனக்குப் பயந்து எதையாவது மறைக்கிறார்களா? நான் மறைத்து வைத்திருப்பது என்ன?

கர்த்தர் தாமே நம்மை வெளிச்சத்தில் நடத்துவாராக. ஆமென்.