ரெண்டு கிரவுண்டுக்கு ரெண்டு பேர் வைங்க

மினி ப்ராஜெக்டுக்கு 230 வோல்ட் ஏசியில இருந்து 5 வோல்ட் தர்ற ஃப்ளைபேக் சப்ளை டிசைன் பண்றீங்களா? பிசிபி ஆர்டர் கொடுக்கும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

சிமுலேஷனில் ஒவ்வொரு நோடுக்கும் கிரவுண்டுக்கு ஒரு டிசி பாதை வேண்டும். செகண்டரியை மிதக்க விட்டால் எர்ரர் வரும். உடனே நாம என்ன பண்றோம்? ரெண்டு பக்கமும் ஒரே கிரவுண்ட் சிம்பலைப் போட்டுடறோம். வேவ்ஃபார்ம் அழகா வரும். அதே ஸ்கீமேட்டிக் பிசிபிக்குப் போனால், ஒரே பேர் உள்ள நெட் எல்லாம் காப்பரில் ஒண்ணாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தும் ஐசொலேஷன் இல்லை. போன செமஸ்டர் நாங்க பண்ண தப்பு இதுதான்; கரண்ட் கொடுக்கும் முன் ஒரு சீனியர் பார்த்ததால் தப்பிச்சோம்.

அதனால பிரைமரிக்கு ஒரு பேர், செகண்டரிக்கு வேறு பேர். சிமுலேஷனுக்கு மட்டும் நடுவில் 1 கிகா ஓம் ரெசிஸ்டர் போதும்.

சரி, கிரவுண்டைப் பிரிச்சாச்சு. 5 வோல்ட் ஏறுது, இறங்குதுன்னு பிரைமரி கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் வழியாக. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் அவுட்புட்டைப் பாதியாக்கி டிஎல்431-க்குக் கொடுக்கும். அங்கே 2.495 வோல்ட்டைத் தாண்டினால் அது கூடுதல் கரண்ட் இழுக்கும், பிசி817 ஆப்டோகப்ளரின் எல்இடி பிரகாசமாகும், எதிர்ப்பக்க டிரான்சிஸ்டர் யூசி3842-இன் காம்ப் பின்னைக் கீழே இழுக்கும், டியூட்டி குறையும். டிஎல்431-இன் ஆனோடு செகண்டரி கிரவுண்டுக்கு, ஆப்டோ டிரான்சிஸ்டரின் எமிட்டர் பிரைமரி கிரவுண்டுக்கு. இதை மாத்திட்டா கதை கந்தல். டிஎல்431-க்கு குறைந்தது 1 மில்லி ஆம்பியர் வேணும்கிறதால எல்இடிக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் ஒன்றையும் மறக்காதீங்க.

அடுத்தது டெஸ்டிங். லேப் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் நேரா எர்த்துக்குப் போகுது. பிரைமரி கிரவுண்டோ பிரிட்ஜ் டையோடு வழியாக ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் லைனோடு சேர்ந்திருக்கும், எர்த்தைப் பொறுத்து மைனஸ் 325 வோல்ட் வரை. அங்கே கிளிப்பை மாட்டினால் நேரடி ஷார்ட். டிஃபரென்ஷியல் ப்ரோப் கேளுங்க. இல்லேன்னா போர்டை (ஸ்கோப்பை இல்லை) 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுங்க. ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழட்டலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. அப்புறம் நீங்க தொடுற ஸ்கோப்போட உலோக பாகத்திலேயே அந்த 325 வோல்ட் இருக்கும்.