சுவருக்குப் பொங்கல் தெரியாது

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையில் கொட்டித் தீர்த்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் முறை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. வெள்ளத்தைப் பற்றி நிறையப் பேசினோம். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டை எப்படிக் காயவைப்பது என்று பேசியவர்கள் குறைவு.

என் சித்தி வீடு வேளச்சேரியில், தரைத்தளம். முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவசர அவசரமாகப் பட்டி பார்த்து, இளமஞ்சளில் எமல்ஷன் அடித்து முடித்தார்கள். பிப்ரவரி கடைசியில் நான் போனபோது வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் படுக்கையறையில் ஈரத்துணி வாடை. சித்தப்பாவுக்கு விடாத இருமல். பீரோவை நகர்த்திப் பார்த்தோம். பின்சுவரில் பீரோவின் அகலத்துக்கே கரும்பச்சைப் புள்ளிகள். அதற்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து, உள்ளே இருந்த பட்டி ஈர மாவாக விரலில் ஒட்டியது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை இவை.

நம்பிக்கை 1: தண்ணீர் வடிந்து, தரை காய்ந்துவிட்டால் வீடு காய்ந்ததாக அர்த்தம்.

உண்மை: தரை காய்வது டைல்ஸின் மேல்பரப்பு மட்டும். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் விளக்குத்திரி எண்ணெய் குடிப்பது போலத் தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் முழங்கால் வரை நின்றிருந்தால், சுவருக்குள் ஓதம் அதற்கு மேலும் ஓரிரண்டு அடி ஏறியிருக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியேறும் வேகமோ மிகக் குறைவு. ஓர் அங்குல கனம் காய ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் நெடுங்காலமாக உள்ள தோராயக் கணக்கு. ஒன்பது இஞ்சுச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நான்கைந்து மாதம் ஆகும். நாலரை இஞ்சுத் தடுப்புச் சுவருக்கே இரண்டு மாதத்துக்கு மேல்.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உரியுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் சுவர் கருத்திருந்தாலோ ஈரம் இன்னும் இருக்கிறது.

நம்பிக்கை 2: ஜன்னல்களை ராப்பகலாகத் திறந்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும்.

உண்மை: வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்ததாக இருந்தால்தான் அது ஈரத்தை எடுத்துப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் இரவுக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கும். அந்தக் காற்றை உள்ளே விட்டால் சுவர் காயாது. வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை திறந்து வையுங்கள். தூறல் நாட்களிலும் இருட்டிய பிறகும் மூடிவிடுங்கள்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அது வாங்கும்வரை கல்லுப்பே வழிகாட்டும். சுத்தமான உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நீர்க்கத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் வேறு உப்புகளால் அது இன்னும் முன்னதாகவே கசியும். தட்டில் வைத்த உப்பு நீர்த்தால், அந்தக் காற்று சுவரைக் காயவைக்கும் காற்று அல்ல.

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மின்சாரத்தைத் தொடுங்கள். பிறகு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலைப் பார்த்து, காற்று வெளியே போகும்படி வையுங்கள். ஏ.சி. இருந்தால், அதன் வெளி யூனிட் மூழ்கவில்லை என்று மெக்கானிக் உறுதி சொன்ன பின், கதவு ஜன்னலை மூடி ‘டிரை’ மோடில் ஓடவிடுங்கள். அதிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். வாளியில் சேரும் அளவு நாளுக்கு நாள் குறைந்தால் வீடு காய்கிறது.

நம்பிக்கை 3: சாம்பிராணி போட்டால் ஓதமும் வாடையும் போய்விடும். கரி அடுப்பு வைத்தால் சுவர் சீக்கிரம் காயும்.

உண்மை: சாம்பிராணி வாடையை மறைக்கும். வாடைக்குக் காரணமான பூஞ்சை அப்படியே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் புகை கூடுதல் தொல்லை. கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது வேலையை நேர்மாறாக்கிவிடும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம்.

நம்பிக்கை 4: பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தால் பூஞ்சை செத்துவிடும், பிரச்சினை தீர்ந்தது.

உண்மை: சாக்கடை கலந்த வெள்ளம் புகுந்த தரைக்கும், கழிப்பறைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் பிளீச்சிங் பவுடர் அவசியம். சுவர்ப் பூஞ்சைக்கு அது பாதி வைத்தியம்கூட இல்லை. குளோரின் மேல்பரப்போடு நின்றுவிடும். கரைசலில் உள்ள தண்ணீர் மட்டும் பூச்சுக்குள் இறங்கும். செத்த பூஞ்சையும் சுவரில் இருக்கும்வரை ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால் அதைச் சுரண்டி, கழுவி அகற்றியே ஆக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பூஞ்சைக்கு பிளீச்சை வழக்கமான வழியாகப் பரிந்துரைப்பதில்லை.

என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்து எடுங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். மூன்றடிக்கு மூன்றடி வரை நாமே செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் வேலை தெரிந்தவர்களை அழைப்பதே நல்லது. ஒன்றை மறக்கவே கூடாது: பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

நம்பிக்கை 5: மெத்தையை நாலு நாள் வெயிலில் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: ஈரம் பட்ட 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். டிசம்பரில் நாலு நாள் சேர்ந்தாற்போல நல்ல வெயில் எங்கே கிடைக்கும்? வெள்ளநீர் குடித்த இலவம்பஞ்சு மெத்தை, ஃபோம் சோபா, தலையணை, பார்ட்டிகிள் போர்டு அலமாரி இவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். மனம் கேட்காது, தெரியும். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த மெத்தையாக இருக்கும். ஆனால் அதன் நடுவில் தங்கிய ஈரத்தின் மேல்தான் குழந்தை முகம் புதைத்துத் தூங்கும். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. தேக்கு மரச் சாமான், ஸ்டீல் பீரோ, பாத்திரம் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்துக் காப்பாற்றிவிடலாம். திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்றுப் போகாத இடம்தான் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.

நம்பிக்கை 6: பொங்கலுக்குள் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டால் கறையும் ஓதமும் மறைந்துவிடும்.

உண்மை: டிசம்பர் 4இலிருந்து ஜனவரி 15 வரை 42 நாள். சுவர் கேட்பது நான்கைந்து மாதம். எமல்ஷன் பெயிண்ட் காய்ந்தால் சுவர்மேல் பிளாஸ்டிக் தோல் போல ஆகிவிடும். உள்ளே இருக்கும் நீராவி வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலைத் தள்ளும். கொப்புளம் வரும், உப்புப் பூக்கும், பட்டி ஊறிப்போகும். சித்தி வீட்டில் நடந்தது அதுதான்.

பண்டிகைக்குச் சுவருக்கு நிறம் மாற்றும் வழக்கம் தவறில்லை. அந்த வழக்கம் வந்த காலத்தில் வீடுகளுக்கு அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சுவிடும். உள்ஈரம் அதன் வழியே கசிந்து காய்ந்துவிடும். அதன் காரத்தன்மை பூஞ்சைக்கு ஆகாது. பாட்டிகள் செய்தது சரி. நாம் தேதியை வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டோம்.

வெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று அடி வரை பழைய பெயிண்டையும் பட்டியையும் சுரண்டிவிடுங்கள். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, ஆகவே சுரண்டாமல் அடிக்க வேண்டாம். சேறு போகக் கழுவி, காயவிட்டு, பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொள்ளுங்கள். மாக்கோலம் போட, விருந்தாளி வர, படம் எடுக்க அது போதும். பெயிண்ட் எப்போது என்பதை பிளாஸ்டிக் ஷீட் சொல்லட்டும்.

சித்தி வீட்டில் மார்ச் மாதம் அந்த இளமஞ்சளை முழுக்கச் சுரண்டினோம். செங்கல் நிறம் தெரிய, கோடை முழுவதும் சுவரை அப்படியே விட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் ‘ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். சித்தி பொறுத்துக்கொண்டார். சித்திரையில் ஷீட் ஒட்டினோம், துளி இருந்தது. வைகாசிக் கடைசியில் மறுபடி ஒட்டி உரித்தபோது உள்பக்கம் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அன்றைக்குத்தான் பெயிண்டருக்குப் போன் செய்தோம்.