ஒரு பாத்திக்கு எத்தனை குடம் நீர்?



பங்குனி பிறந்ததும் பல வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. "சமைக்கவே தண்ணீர் போதவில்லை, இதில் கத்தரிக்கும் வெண்டைக்கும் எங்கே ஊற்றுவது?" என்று கொல்லைத் தோட்டத்தைக் கைவிட்டு விடுகிறார்கள். தெருக்குழாயிலிருந்து குடம் சுமப்பவர் பெரும்பாலும் அம்மாவோ அக்காவோதான். எனவே அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும், பிஞ்சு விடத் தொடங்கிய செடிகளைக் காய விடுமுன் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு பாத்திக்கு உண்மையில் எத்தனை குடம் நீர் தேவை? அதில் செடிக்குப் போவது எது, வீணாவது எது? விடை காண உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

வெயிலின் கணக்கு

நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். வெப்பநிலை உயராமலே ஏற்கப்படும் இவ்வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்று படித்திருக்கிறீர்கள். நம் ஊர்க் காற்றின் வெப்பநிலையில், 1 கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் தேவை. தோட்டத்தில் இதைத் தருவது சூரியன். தமிழ்நாட்டில் கோடை நாள் ஒன்றில் 1 சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். இதை 24 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். எட்டு லிட்டருக்குச் சற்று மேல் வரும்.

ஆனால் அவ்வளவு ஆற்றலும் நீரை ஆவியாக்குவதில்லை. ஒரு பகுதியை இலைகளும் மண்ணும் திருப்பி அனுப்பி விடுகின்றன. ஒரு பகுதி அகச்சிவப்புக் கதிராக வானுக்குச் செல்கிறது. மற்றொரு பகுதி காற்றைச் சூடாக்குகிறது. இவை போக, செடிகள் அடர்ந்த, ஈரமான பாத்தியில் சதுர மீட்டருக்கு நாள்தோறும் சுமார் 5 முதல் 6 லிட்டர் நீர் ஆவியாகிறது.

உங்கள் பாத்தி 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உடையது என்று கொள்வோம். பரப்பு 6 சதுர மீட்டர். ஒரு நாள் தேவை 30 முதல் 36 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் இரண்டு குடம், அல்லது சற்றே கூடுதல். ஐந்தாறு குடம் ஊற்றினால் எஞ்சியது வேர்களைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அந்த உழைப்பு வீண்தானே?

இரண்டு வழிகள்

ஆவியாகும் நீர் பாத்தியை விட்டு இரு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று செடியின் வழி, மற்றொன்று வெறும் மண்ணின் வழி. இவ்விரண்டையும் எப்படிப் பிரித்து அளப்பது? இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் 1724-ஆம் ஆண்டில் ஓர் எளிய உபாயம் கண்டார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்துக்கொண்டு, தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். மண்ணின் வழி அடைபட்டதால், குறையும் எடை முழுவதும் செடி வெளிவிட்ட நீரே. தராசில் நிறுத்துப் பார்த்து, பகல் 12 மணி நேரத்தில் சராசரியாகச் சுமார் 570 கிராம் நீர் வெளியேறுவதை அறிந்தார்.

செடியின் வழியே செல்லும் நீரை வீண் என்று சொல்ல இயலாது. இலைத்துளைகள் திறந்தால்தான் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். அதே துளைகள் வழியாகத்தான் நீராவி வெளியே போகிறது. நீர் போதாவிடில் துளைகள் மூடிக்கொள்ளும், காயும் சிறுத்துவிடும். நாம் மிச்சம் பிடிக்கக்கூடியது மண்ணின் வழியே போகும் நீரைத்தான். இலைகள் மண்ணை மறைக்காத இளம் செடிப் பாத்தியில் இழப்பின் பெரும்பகுதி அதுவே.

எப்படித் தடுப்பது?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண் துகள்களின் இடுக்குகளில் நீர் மேலேறி வருகிறது. இது நுண்புழை ஏற்றம். மண்மீது நாலு விரற்கடை உயரம் காய்ந்த சருகு அல்லது வைக்கோல் பரப்பினால் வெயில் நேரே படாது. மூடாக்கின் இடையே அசையாது நிற்கும் காற்று, நீராவி எளிதில் தப்பாமல் தடுக்கும். மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் நுண்புழைகள் அறுபடும். நீர் மேற்பரப்பை எட்டாது.

நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, வேரூன்றிய செடிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆழமாக நனையும்படி ஊற்றுவது நல்லது. ஏன்? உலர்ந்த மேல்மண்ணே ஒரு மூடியாகிவிடும். நாற்றுகளுக்கும் சிறு தொட்டிகளுக்கும் இது பொருந்தாது.

மற்றொரு வழி, மெருகிடாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைப்பது. சுற்றியுள்ள மண் உலர உலரப் பானையிலிருந்து நீர் கசியும். மண் ஈரமானால் கசிவு குறையும். மேற்பரப்பு உலர்ந்தே இருக்க, வேருக்கு நீர் கிடைக்கும். 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் எழுதப்பட்ட ஒரு வேளாண் நூலில் இம்முறை கூறப்பட்டுள்ளது. அரிசி, காய்கறி கழுவிய நீரையும் பாத்திக்கு ஊற்றலாம். சோப்பு நீர் வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று தொட்டிகளில் ஒரே வகை மண்ணை நிரப்புங்கள். முதல் தொட்டியை வெறுமனே விடுங்கள். இரண்டாவதில் சருகு பரப்புங்கள். மூன்றாவதில் ஒரு தக்காளிச் செடி நட்டு, அது வேர் பிடித்தபின் ஹேல்ஸ் செய்தது போல மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடிக் கட்டுங்கள். மூன்றுக்கும் சம அளவு நீர் ஊற்றி வெயிலில் வைத்து, நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். ஐந்து நாட்களுக்கு எடையிழப்பைக் குறித்து வரைபடம் வரையுங்கள். முதல் தொட்டியின் கோடு போகப்போகச் சரிவு குறைவது ஏன் என்று உங்களால் இப்போது கூற முடியும்.

தொட்டியின் வாய் 20 செ.மீ. விட்டமுடையதானால் பரப்பு 314 சதுர செ.மீ. 100 கிராம் இழப்பு என்பது 3.2 மில்லிமீட்டர் உயர நீருக்குச் சமம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரம் நின்றால் அது 1 லிட்டர். ஆகவே முதல் இரு தொட்டிகளின் இழப்பையும் உங்கள் பாத்தியின் பரப்புக்கு மாற்றிக் கணக்கிடுங்கள். வித்தியாசம் எத்தனை லிட்டர்? அது எத்தனை குடம்? அந்த எண்ணை வீட்டில் குடம் சுமப்பவரிடம் காட்டுங்கள். தோட்டத்தைத் தொடர்வதா, விடுவதா என்று பிறகு எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்யலாம்.