எந்தப் பக்கத்தில் இருக்கிறாய்?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் வந்தது. "இப்போது என்ன படிக்கிறீர்கள் மாமா?" என்று கேட்டிருந்தாய். மனசு குளிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? அடுத்த வரியிலேயே "கட்டாயம் படிக்க வேண்டிய பத்துப் புத்தகம் எழுதுங்கள்" என்று சேர்த்துவிட்டாய். பத்தெல்லாம் எழுத மாட்டேன். ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்கு நீளமாக ஒரு பட்டியல் கொண்டுபோய்ப் பை நிறைய வாங்கி வந்தாயே, அதில் எத்தனையைப் பிரித்தாய்? ஒட்டடை அடிக்கிற அன்றைக்கு மட்டும்தான் யாராவது அவற்றைத் தொடுகிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிக்கவில்லை.

"முடிக்காத புத்தகத்தை எப்படிச் சிபாரிசு செய்யலாம்?" என்பாய். முடித்தவனைக் கேட்டால் 'அருமையான நூல்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவான். நடுவில் இருக்கிறவனைக் கேட்டுப் பார், நேற்று ராத்திரி படித்ததை ஆவலோடு சொல்வான். அந்த நூலே முடியாத நூல்தான். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் எழுதிவந்தார் ஐயர். 1942 ஏப்ரலில் அவர் காலமாக, கதை பாதியிலேயே நின்றுபோனது.

நேற்று நான் படித்த இடம் கும்பகோணம், 1880. ஐயருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டுச் சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

இங்கே நீயாக இருந்தால் ரோஷப்பட்டு எழுந்து வந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஐயர் திரும்பவும் போனார். முதலியார் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் கையில் கொடுத்தார். இருவருமாகச் சேர்ந்து படிக்கவும் தொடங்கினார்கள். சமண விஷயங்கள் புரியாமல் ஐயர் தவித்தபோது, அதே ஊரில் ஒரு சமணர் வீட்டில் தோரணம் கட்டி, சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வித்துவான்கள் மறந்துவிட்ட நூல் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்திருக்கிறது! அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம் கழித்து, 1887-இல், சிந்தாமணி அச்சில் வந்தது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, இதைப் படித்தாயா என்று கேட்டதில் தொடங்கிய வேலை இது.

"ரொம்பத் தடி மாமா, பழைய தமிழ் வேறு" என்று முனகாதே. வாரப் பத்திரிகை வாசகருக்காக எழுதியது, சொல்கிற விதம் எளிமை. 122 அத்தியாயம், எல்லாம் சின்னச் சின்னது. நாளுக்கு ஒன்று என்றால் நாலு மாதம். தொடக்கத்தில் முன்னோர் கதை வரும். அதைப் பார்த்ததும் கீழே வைத்துவிடாதே, வழக்கமாக நீ செய்கிற தப்பு அது. அலுப்பாக இருந்தால் பிள்ளையவர்களிடம் ஐயர் பாடம் கேட்கப் போகிற இடத்திலிருந்து ஆரம்பி. முன்பகுதிக்கு நீயே திரும்பி வருவாய்.

பகலில் கு. அழகிரிசாமியின் சிறுகதைகள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் படிப்பதில்லை. 'அன்பளிப்பு' கதையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர் வருகிறார். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன். அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்ல மாட்டேன். நீ புத்தகம் சிபாரிசு செய்கிற லட்சணம் வேறு: ஒரே புத்தகத்தைத் தெரிந்தவர் அத்தனை பேருக்கும் சொல்வாய், கூடவே முடிவையும் சொல்லிவிடுவாய். போன தடவை உன் தங்கை அழுதது அதனால்தான். இவனுக்கு இது பிடிக்குமா என்று ஆளைப் பார்த்துச் சொல்லப் பழகு.

'என் சரித்திரம்' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றை நாளைக்குத் தபாலில் அனுப்புகிறேன். படித்து முடித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்காதே. பத்து நாளில் எழுது, எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று.

உன் பிரியமுள்ள மாமா