குதிரைப் பொம்மைக்கு முதலில் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசுங்கள்!

அமெரிக்காவின் பிரேயர் நிறுவனம் 1950 முதல் அசல் குதிரையைப் போன்ற பிளாஸ்டிக் மாடல்களைத் தயாரித்து வருகிறது. இவற்றை வாங்கி, பழைய நிறத்தின் மேல் புது நிறம் பூசுவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் பொம்மையில் பிரஷை வைத்துவிட்டால் அங்கே 'அன்டூ' கிடையாது. கம்ப்யூட்டரில் உண்டு. எனவே முதலில் இலவச மென்பொருளான கிம்ப்பில் பூசிப் பார்ப்போம். 'டோபியானோ' என்ற பழுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரையை எடுத்துக்கொள்வோம்.

1. பொம்மைக்கு வெள்ளை பிரைமர் அடித்து, பகல் வெளிச்சத்தில் இடது, வலது, மேல் என மூன்று படங்கள் எடுங்கள். ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து முதல் படத்தைத் திறவுங்கள்.

2. லேயர் மெனுவில் நியூ லேயர் தேர்வு செய்யுங்கள். லேயர் என்பது படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்றது. அதில் எதை வரைந்தாலும் கீழே உள்ள படம் கெடாது. இதன் மோடை 'மல்டிப்ளை' என மாற்றுங்கள். அப்போதுதான் பொம்மையின் தசை நிழல்கள் வண்ணத்தின் ஊடே தெரியும்.

3. சிவப்பு 139, பச்சை 69, நீலம் 19 என்று கொடுத்தால் பழுப்பு கிடைக்கும். பெயின்ட்பிரஷால் உடல் முழுவதும் பூசுங்கள்.

4. லேயர் பெயரில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, 'ஆட் லேயர் மாஸ்க்' சென்று வெள்ளையைத் தேர்வு செய்யுங்கள். இனி மாஸ்க்கில் கருப்பு பூசினால் அந்த இடத்தில் பழுப்பு மறையும். வெள்ளை பூசினால் திரும்ப வரும்.

திட்டுகளை இஷ்டத்துக்குப் போட்டால் குதிரை மாடாகிவிடும். டோபியானோவில் பொதுவாகக் காணப்படும் விதிகள் இவை:

* வெள்ளை, முதுகின் குறுக்கே கடந்து செல்லும்.
* நான்கு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும்.
* தலை பழுப்பாக இருக்கும். நெற்றியில் வெள்ளைக் குறி இருக்கலாம்.
* திட்டுகளின் ஓரம் வளைவாக, சீராக இருக்கும்.
* பிடரி மயிர் எந்தத் திட்டில் முளைக்கிறதோ அந்த நிறத்தையே பெறும்.

5. மற்றொரு மல்டிப்ளை லேயரில், திட்டின் ஓரத்தை ஒட்டி வெள்ளைப் பக்கமாக மெல்லிய நீலச் சாம்பல் கோடு போடுங்கள். பல குதிரைகளில் ஓரத்து வெள்ளை மயிருக்கு அடியில் கருந்தோல் இருப்பதால் இப்படித் தெரியும். பொம்மையை உயிருள்ளதாகக் காட்டுவது இந்தக் கோடுதான். மூக்கில் வெள்ளை வந்தால் அங்கே இளஞ்சிவப்பு கொடுங்கள்.

மற்ற இரண்டு படங்களிலும் இதையே செய்யுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதுகைக் கடக்கும் திட்டு மூன்று படங்களிலும் ஒரே இடத்தில் சேர வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தவறினால் கண்ட்ரோல், இசட் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள்.

வேலையை எக்ஸ்சிஎஃப் ஃபைலாகச் சேமியுங்கள். லேயர்கள் அப்படியே இருக்கும். பிறகு பிரின்ட் எடுத்து, அதைப் பார்த்துப் பொம்மையில் பென்சிலால் ஓரங்களை வரையுங்கள். வெள்ளை இடங்களை விட்டுவிட்டுப் பழுப்பை மட்டும் பூசலாம். பழுப்பின் மேல் வெள்ளை ஏற்றுவதற்குப் பல மெல்லிய பூச்சுகள் தேவைப்படும். அந்த வேலை மிச்சம்.